கார் நகர்த்தப் போனவர்கள் திரும்பும்வரை

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன் வருவது என் மகளின் ஆறாவது பிறந்தநாள் கேக்.

விளக்கை அணைத்து, மெழுகுதிரிகளை ஏற்றி, எல்லோரும் வழக்கமான அந்தப் பாட்டைத் தொடங்கினோம். அக்கா எங்கள் வீட்டுப் பழைய மின்பியானோவில் கூடவே வாசித்தார். பிள்ளையின் பெயரைச் சொல்லும் இடத்தில் எல்லோரும் ஒரு கணம் இழுத்து நின்றுவிட்டு, பிறகுதானே கடைசி வரிக்குப் போவோம்? அந்த ஒரு கணத்தில் அக்கா தனியாகக் கிளம்பிவிட்டார். வலது கை மேலே ஓடியது. இடது கை அதைத் தேடிக்கொண்டு போனது. இரண்டும் நடுவில் சந்தித்துக் கொஞ்ச நேரம் கதைத்தன. நாங்கள் பதினைந்து பேர் வாயைத் திறந்தபடி நின்றோம். மகள் ஊதுவதற்காகக் குவித்த உதட்டைக் குவித்தபடியே வைத்திருந்தாள். கேக்கின் மேலிருந்த கிரீம் பூக்களை மெழுகு ஒவ்வொன்றாக மூடியது. அக்கா கடைசி வரிக்குத் திரும்பியபோது அரைவாசிப் பேருக்கு என்ன பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோயிருந்தது. மகள் அழத் தொடங்கினாள்.

“ஏன் பிள்ளை அழுறீங்கள்?” என்றார் அக்கா, உண்மையான ஆச்சரியத்தோடு. “உங்கட பேரைச் சொல்லிப்போட்டு உடன முடிக்கிறது மரியாதையே? அதுக்குத்தான் ஒரு மாலை போட்டு விட்டனான்.”

குறும்புக்காக அவர் இதைச் செய்யவில்லை. மற்றவர்கள் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் அவருக்கு ஒரு கதவு திறந்து தெரியும். திறந்த கதவைக் கண்டால் உள்ளே போய்ப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வான்கூவரில் தன் மகளோடு இருக்கும் அவர் தொலைபேசியில் என்னைக் கூப்பிடுவார். ஏன் எழுதினேன் என்று கேட்கத்தான் கூப்பிடுவார். ஆனால் அந்தக் கேள்விக்கு வந்து சேர இரண்டு மணித்தியாலம் ஆகும்.

கூடப்பிறந்த அக்கா இல்லை. நாங்கள் இருவரும் ஒரே வாத்தியக்குழுவில் இருந்தோம். மொன்றியலின் வடக்கே, அஹுன்ட்சிக் பக்கத்தில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் செவ்வாய்தோறும் கூடும் குழு. காசுக்கு வாசிப்பவர் ஒருவரும் அதில் இல்லை. தாதிகள், கணக்காளர்கள், ஒரு பல் வைத்தியர், ஓய்வு பெற்றவர்கள். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். இங்கே வந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது வயலின்கள் எல்லாம் முடிந்துபோய், கடைசியாக வந்த எனக்கு இரண்டு பெரிய செப்புத் தவில்களைக் காட்டினார்கள். டிம்பனி என்று பெயர். அன்று பிடித்த கோலை நான் இன்னும் விடவில்லை.

அக்காவுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை. எந்த லொறி எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார். “முப்பத்தொன்று, நாலாம் வாசல்” என்று சொன்னால் போதும். அக்கா முப்பத்தொன்றைக் காலை வணக்கத்தோடு கூப்பிட்டு, வெளியில் குளிர் எப்படி என்று விசாரித்து, மூன்றாம் வாசலில் பனிக்கட்டி இருப்பதால் அதைத் தாண்டிக் கவனமாக வரச் சொல்லி, அதன் பிறகுதான் நாலுக்கு வருவார். பிரெஞ்சில், யாழ்ப்பாணத்து இழுவையோடு. ஒருமுறை மேலாளர் கண்டித்ததில் அவர் ஒரு கிழமை இலக்கங்களை மட்டும் அறிவித்தார். லொறிக்காரர்கள் அலுவலகத்துக்கு வந்து, மடாமுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்களாம்.

குழுவில் அவர் ஒத்திகைப் பியானோ வாசிப்பவர். ஒத்திகைக்கு யார் வரவில்லையோ அவர்களுடைய பகுதியைப் பியானோவில் வாசித்து நிரப்புவது அவர் வேலை. பசூன் என்ற நீளக் குழலை வாசிக்கும் பல் வைத்தியர் ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தார். அவருடைய பகுதி மிகவும் சாது. பொம், பொம் என்று அடியில் நடந்துகொண்டிருக்கும். அக்கா அந்த ஒரு மாதமும் அதற்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, கொலுசு போட்டு வாசித்தார். பல் வைத்தியர் திரும்பி வந்து தன் பகுதியைத் தாளில் உள்ளபடி ஊதியதும், முன்வரிசை வயலின்காரி திரும்பிப் பார்த்து, “உங்களுக்கு இன்னும் முழுதாகக் குணமாகவில்லைப்போல” என்றாள்.

முன்னால் நின்று கோலசைத்து எங்கள் குழுவை நடத்தியவரை எல்லோரும் முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் அழைப்போம். ரயில் நேர அட்டவணை தயாரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் ஒத்திகை ஏழு மணிக்கு என்றால் ஏழு மணிக்கு அவர் கோல் மேலே நிற்கும். குழு நடத்துபவருக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரால் அக்கா அவரைக் ‘கொண்டக்டர்’ என்பார். “தம்பி, நீர் பஸ் ஓட்டுறீர், அவர் கொண்டக்டர். நான் ரிக்கெட் எடுக்காத ஆள்” என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த சண்டையைச் சொல்வதற்கு முன், கொன்செர்டோ என்றால் என்ன என்று சொல்லவேண்டும். ஒருவர் முன்னால் இருந்து தனியாக வாசிப்பார், முழுக் குழுவும் அவரோடு சேர்ந்தும் விலகியும் போகும். இருநூறு வருடங்களுக்கு மேலாக வாசிக்கப்படும் பழைய கொன்செர்டோக்களில், முதல் பகுதி முடியும் தறுவாயில் குழு முழுவதும் ஒரு பெரிய ஒலியில் வந்து நின்றுவிடும். கடைசிப் படியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோன்ற ஒலி அது. அந்த இடத்தில் தனி வாத்தியக்காரர் தன் மனதுக்குப் பட்டதைத் தனியே வாசிப்பார். இதற்குக் கடென்சா என்று பெயர். முடிக்கும்போது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை மாறி மாறி விரைவாக அடித்து ட்ரில் என்று ஒரு நடுங்கும் ஒலி எழுப்புவார். அது அடையாளம். ட்ரில் முடிந்த கணத்தில் குழு முழுவதும் உள்ளே வரவேண்டும். தவிலோடு நானும்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் அப்போதைக்கப்போது கற்பனையில் வாசித்தது. மெதுவான பகுதிகளில்கூட எழுதியவர்கள் சுரங்களை ஐதாகத்தான் விட்டிருப்பார்கள். வாசிப்பவர் இடையில் நிரப்பிக்கொள்ள வேண்டும். “அவையள் எலும்பைத்தான் எழுதி வைச்சிட்டுப் போனவையள், தம்பி. சதை போடுறது எங்கட பொறுப்பு” என்பார் அக்கா. முசியேக்கும் இது தெரியும். “ஆனால் மடாம், அவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருந்தது” என்பார்.

“அவையள் எங்க நிப்பாட்டினவையள் எண்டு இவருக்கு ஆர் வந்து சொன்னது?” என்று அக்கா என்னைப் பார்த்துத் தமிழில் கேட்பார். அதை மொழிபெயர்க்கும்படி முசியே என்னைக் கேட்பார். நான் தவிலுக்குச் சுருதி சேர்ப்பதுபோலக் குனிந்துகொள்வேன்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாள் அவர் என் பேருந்தில் நின்றபடி சொன்னார். ஓட்டுநரோடு கதைக்கக் கூடாது என்ற அறிவிப்புக்கு நேர் கீழேதான் அவர் எப்போதும் நிற்பார். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அவர் பியானோ படித்தாராம். அந்தப் பியானோவில் ஏழு கட்டைகள் ஊமை. திருத்த ஆளும் இல்லை, சாமானும் வராது.

“மற்றப் பிள்ளையள் அந்தக் கட்டையை அமத்திப்போட்டுச் சத்தம் வராமல் முழிக்குங்கள். நான் அந்தக் கட்டை வாறதுக்கு முதலே மேல ஒண்டு, கீழ ஒண்டு, சுத்தி ஒண்டு எண்டு விறுவிறெண்டு வாசிச்சுத் தாண்டிப் போடுவன். கேக்கிறவைக்கு நடுவில ஒண்டு இல்லாதது தெரியாது. பேந்து இஞ்ச வந்து முழுப் பியானோவைக் கண்ட உடன என்ன செய்யிறது? கை சுத்திப் பழகிப்போச்சு.”

இந்தச் சிறிய கதைக்கு, அதன் பக்கக் கதைகளோடு சேர்த்து, அவர் தன் தரிப்பை இரண்டு முறை தவறவிட்டார். ஒருமுறை போகும்போது, மறுமுறை திரும்பும்போது.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் குழுவில் ஒருவர் முன்னால் இருந்து கொன்செர்டோ வாசிப்பது எங்கள் வழக்கம். அக்காவின் முறை வர ஒன்பது வருடம் ஆனது. முறை வரவில்லை என்பதைவிட, வந்தபோதெல்லாம் முசியே வேறு யாரையாவது நினைவுகூர்ந்தார் என்பதே சரி. கடைசியில் குழுவே வாக்கெடுத்துத் தீர்மானித்தது. முசியே ஒரு நிபந்தனை போட்டார். பழைய இசையமைப்பாளர் ஒருவர் எழுதி அச்சில் வந்த கடென்சாவைத்தான் வாசிக்கவேண்டும். இரண்டு நிமிடம். அதைக் கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா “ஓம், ஓம்” என்று வாங்கிக்கொண்டார். எங்கே உள்ளே வருவது என்று தெரியவேண்டும் என்பதால் நானும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்தப் பிரதி ஒத்திகைகளில் எனக்கு ஒரு பயனும் தரவில்லை. முதல் செவ்வாய் ஒரு கடென்சா, அடுத்த செவ்வாய் இன்னொன்று. அதைவிடக் கொடுமை, பொய் ட்ரில். அக்கா ட்ரில்லைத் தொடங்குவார். முசியே கோலைத் தூக்குவார். நான் என் குச்சிகளைத் தூக்குவேன். ட்ரில் மெல்ல வளைந்து வேறு எங்கோ போய்விடும். பேருந்தில் மணியை இழுத்துவிட்டு இறங்காமல் நிற்கும் பயணியை எனக்குத் தெரியும். ஆனால் பேருந்தில் நான் கதவைத் திறந்து மூடினால் போதும். இங்கே மூன்று முறை, முழு மண்டபமும் அமைதியாக இருக்க, நான் மட்டும் தனியே ‘டம்’ என்று அடித்தேன்.

“நல்லாத்தான் இருந்தது” என்றார் அக்கா மூன்றாவது முறை. “ஆனா கொஞ்சம் முந்திட்டீர்.”

கச்சேரிக்கு முதல்நாள் ஒத்திகையில் அவர் வாசித்த கடென்சாவுக்குள் இரண்டாம் பகுதியின் மெட்டு வந்தது, என் மகளின் பிறந்தநாள் பாட்டும் வந்தது. முசியே கோலைக் கீழே வைத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை.

“மடாம், நாளைக்கு அச்சில் உள்ளதை வாசியுங்கள். இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமைகளுக்கும் நான் வேறு ஒருவரைத் தேடவேண்டி வரும்.”

அக்கா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாததை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். தாள்களை அடுக்கிக் கைப்பைக்குள் வைத்தார். வாசலில் சப்பாத்துப் போடும்போது என் பக்கம் வந்தார்.

“தம்பி, நாளைக்கு நான் உள்ளபடிதான் வாசிக்கப்போறன். நீர் பயப்பிடாமல் அடியும்.”

அவ்வளவுதான். அந்தச் சுருக்கம் எனக்குப் பயத்தைத் தந்தது.

கச்சேரி பெப்ரவரி மாதத்து ஞாயிறு பிற்பகல். இரண்டு நாள் முன்னர்தான் பெரிய பனி கொட்டியிருந்தது. தெருவோரப் பனி அள்ள வரப்போகிறார்கள் என்ற செம்மஞ்சள் அறிவிப்புகளைத் தேவாலயத் தெரு முழுவதும் குத்தியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் அங்கே காரை விட்டார்கள். “ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள்” என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

மேல் மண்டபத்தில், தேவாலயத்துக்குள்ளேயே, எழுபது எண்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் அக்காவின் கணவர். நான் அவரை அத்தான் என்பேன். வீட்டில் அக்கா விட்டுவைக்கும் சொற்களை மட்டும் பாவித்துப் பழகியதால் அத்தான் சிறிய வாக்கியங்களில்தான் பேசுவார்.

முதல் பகுதி நன்றாகப் போனது. குழு அந்தப் பெரிய ஒலியில் வந்து நின்றது. முசியே கோலைத் தாழ்த்திக் கைகளைக் கட்டிக்கொண்டார். அக்கா தொடங்கினார். நான் என் பிரதியில் விரலை வைத்தேன். முதல் வரி அச்சில் உள்ளபடி. இரண்டாவது வரி அச்சில் உள்ளபடி. ஒரு சுரம் கூடவில்லை, குறையவில்லை. கட்டைகளையே பார்த்துக்கொண்டு, நாக்கை உதட்டோரம் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைபோல வாசித்தார்.

மூன்றாவது வரியில் வெளியே சைரன் கேட்டது.

மொன்றியலில் இருப்பவர்களுக்கு அந்தச் சைரனை விளக்கவேண்டியதில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சுரத்தில் ஓலமிடும். பனி அள்ளும் இயந்திரங்கள் வரப்போகின்றன, காரை எடு, எடுக்காவிட்டால் நாங்கள் தூக்கிக்கொண்டு போய் வேறு தெருவில் போடுவோம், தண்டச் சீட்டும் வைப்போம் என்று அர்த்தம்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு பத்துப் பேர். பிறகு எனக்கு முன்னால் இருந்த பல் வைத்தியர் பசூனைக் கதிரையில் படுக்கவைத்துவிட்டுக் குனிந்தபடி போனார். வயலின்கள் இரண்டு இரண்டாகக் கழன்றன. கண்ணாடி யன்னலில் இருந்த புனிதர்களின் முகத்தில் செம்மஞ்சள் வெளிச்சம் சுழன்று சுழன்று அடித்தது. முசியேயின் கார் தெருவிலேயே முதலாவதாக நின்றது. அவர் அக்காவைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். பத்து அடி நுனிக்காலில் நடந்தார். அதன்பிறகு ஓடினார்.

அக்கா இதொன்றையும் பார்க்கவில்லை. நாலாவது வரி, ஐந்தாவது வரி, எல்லாம் உள்ளபடி. ட்ரில்லுக்கு வந்து சேர்ந்தார். வாக்குக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு நிமிர்ந்தார்.

மேடையில் நான் இருந்தேன். ஒரு புல்லாங்குழல், இரண்டு வயோலா, ஒரு செல்லோ. பேருந்திலும் மெத்ரோவிலும் வந்தவர்கள். மற்றதெல்லாம் வெறும் கதிரை. நான் குச்சிகளைத் தூக்கினேன். தூக்கியபின்தான் யோசித்தேன். நான் அடித்தால் ஒரு தவிலும் ஒரு புல்லாங்குழலுமாகக் கொன்செர்டோ முடியும். அக்கா வெறும் கதிரைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரே ஒரு முறை தலையை ஆட்டினார். வேண்டாம்.

ட்ரில் நீண்டது. அவ்வளவு நீளமான ட்ரில்லை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவருடைய வலது கை முழங்கைவரை நடுங்கியது. இனித் தாங்காது என்ற இடத்தில் அவருடைய இடது கை அடியில் இரண்டு சுரங்களை எடுத்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. சைரன். வெளியில் அது ஓலமிட, உள்ளே இவர் அதற்குப் பதில் சொன்னார். மண்டபத்தில் மிஞ்சியிருந்த முதியவர்கள் சிரித்தார்கள். அக்காவின் தோள் கீழே இறங்கியது. நாக்கு உள்ளே போனது. முதல்நாளிலிருந்து பூட்டிவைத்த கிடங்கு அறிவிப்பாளர் ஒலிபெருக்கியைத் திரும்பக் கையில் எடுத்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது.

அதன்பிறகு அவர் வாசலைப் பார்த்தபடியேதான் வாசித்தார். பல் வைத்தியர் பனியை உதறிக்கொண்டு உள்ளே வர, அவருடைய காலடிக்கு ஏற்ப அடியில் பொம், பொம் என்று போட்டு அவரைக் கதிரைவரை கொண்டுவந்து விட்டார். வயலின்காரிகள் இருவர் ஓடிவர, உச்சத்தில் இரண்டு குருவிகள் பறந்தன. வழுக்கி விழப்பார்த்துத் தூணைப் பிடித்த ஒரு முதியவருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அவர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். முன்வரிசையில் அத்தான் கையால் ஏதோ சைகை காட்டினார். சாவியைத் திருப்புவதுபோல ஒன்று, பியானோவுக்குக் கீழே இருந்த கைப்பையைச் சுட்டி ஒன்று. அக்கா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நாணத்தோடு தலையசைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வாசித்தார்.

ஒவ்வொரு கதிரையாக நிரம்பியது. முசியே கடைசி. அவருக்கு மூன்று தெரு தள்ளித்தான் இடம் கிடைத்திருந்தது. காது சிவந்து, புருவத்தில் பனியோடு, மூச்சு வாங்க மேடையில் ஏறிக் கோலை எடுத்தார். அக்கா அடியிலிருந்து உச்சிவரை படியேறி ஓடும் ஒருவரைப்போல ஒரு வரிசை வாசித்து, மேலே போய்ச் சேர்ந்து, ட்ரில் போட்டார். பொய்யில்லாத ட்ரில். கோல் இறங்கியது. நான் அடித்தேன். முழுக் குழுவும் ஒரே ஆள்போல உள்ளே வந்தது. எங்கள் குழு அவ்வளவு ஒற்றுமையாக எதையும் வாசித்ததில்லை. எல்லோருக்கும் உண்மையிலேயே திரும்பி வந்த சந்தோசம்.

கைதட்டல் எல்லாம் ஓய்ந்து சனம் கலைந்தபின் முசியே பியானோவுக்குப் பக்கத்தில் வந்தார்.

“மடாம், நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள்.”

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. “வாசித்தேனே” என்றார் பிரெஞ்சில். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. ஒரே சொல்.

“எனக்குக் காது இருக்கிறது.”

நான் என் பிரதியைக் கொண்டுபோய் அவர் முன் பிடித்தேன். “கடைசிச் சுரம்வரை வாசித்தார், முசியே. நான் விரல் வைத்துப் பார்த்தேன். நீங்கள் இங்கே இருக்கவில்லை.” புல்லாங்குழல்காரியும் தலையாட்டினாள்.

முசியே பிரதியை வாங்கிப் பார்த்தார். “நாலாம் வரியில் உள்ள அந்தச் சின்னச் சுரம்?”

“உள்ளபடி.”

“இந்த ஓய்வு?”

“அளவு குறையாமல் நின்றார்.”

அவர் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்தார். வாழ்நாள் முழுவதும் அட்டவணை போட்டவர், நேரத்துக்கு வந்த ஒரே ரயிலைத் தவறவிட்டவர்போல இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கூச்சத்தோடு கேட்டார். “மடாம், எனக்காக ஒருமுறை? இரண்டு நிமிடம்தானே.”

அக்கா குளிர்ச்சட்டையின் ஒரு கையை ஏற்கனவே போட்டிருந்தார். மற்றக் கை தொங்க, அப்படியே உட்கார்ந்து தொடங்கினார். முதல் வரி உள்ளபடி. முசியே கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது வரியும் உள்ளபடி. நான் தவில்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியில் ஒரு சுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னச் சுரம் வந்து எட்டிப் பார்த்தது. முசியேயின் புருவம் உயர்ந்தது. ஆனால் கண் திறக்கவில்லை. நாலாவது வரி வரவேயில்லை. அக்கா எங்கோ போய்விட்டார்.

கதவைத் திறந்துகொண்டு அத்தான் வந்தார். தோளெல்லாம் பனி.

“எங்கட காரைத் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள்.”

அக்கா கையை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பினார். “எங்க கொண்டுபோனவங்கள்?”

“தெரியாது. கிட்டடியில ஏதாவது தெருவிலதான் விட்டிருப்பாங்கள்.”

“அப்ப அது எங்கயும் ஓடிப்போகாதுதானே. இருங்கோ, இப்ப முடியுது.”

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு குளிர்ச்சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முசியேக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முசியே சற்று நகர்ந்து இடம் விட்டார்.

“என்ன சொல்கிறார்?” என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

“இப்போது முடிகிறதாம்” என்றேன்.

முசியே தலையசைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, காலை நீட்டிக்கொண்டு, திரும்பவும் கண்ணை மூடினார்.